கழுவுகிறவரும் ஓட்டுகிறவளும்

எண்ணெய் நிலையத்துக்குப் போனால் சந்திரகலா ஐம்பது வெள்ளிக்கு மேல் டீசல் போட மாட்டாள். கவுண்டரில் காசைக் கொடுத்துவிட்டு வந்து, குழாயைப் பிக்கப்பின் வாயில் செருகி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள். எண்கள் ஓடுவதைப் பார்க்கப் பிடிக்காது. ஐம்பது வெள்ளிக்கு முன்பெல்லாம் குழாய் எவ்வளவு நேரம் ஓடும் என்பது அவள் கைக்குத் தெரியும். இப்போது பிடித்த சூடு கையில் ஏறுவதற்குள் நின்றுவிடுகிறது.

2024 ஜூன் மாதத்தில் மலேசியாவில் டீசல் விலை ஒரே இரவில் லிட்டருக்கு ஒரு வெள்ளி இருபது காசு ஏறியது. அன்று காலையில் அவள் கிள்ளானிலிருந்து ரவாங்குக்கு ஒரு சோபா செட் ஏற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. கூலியை முந்தின வாரமே பேசி முடித்தாகிவிட்டது. போய் இறக்கிவிட்டு, வெறும் வண்டியாகத் திரும்பி வந்தாள். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபின் இறங்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். கால் வலித்தது. அந்த வலிக்காவது ஒரு கூலி மிஞ்சியிருந்தால் பரவாயில்லை என்று நினைத்தாள்.

சந்திரகலாவுக்கு வயது நாற்பத்தொன்பது. கிள்ளான் தாமான் செந்தோசாவில், தரை வீட்டு வரிசையில் குடியிருக்கிறாள். ஒரே மகன் ஜொகூரில் வேலை செய்கிறான், பெருநாளுக்கு வருவான். வீட்டில் அவளும் கணவர் கலியமூர்த்தியும்தான். வீடு மாறுகிறவர்களுக்கும், பழைய சாமான் வாங்குகிறவர்களுக்கும் பிக்கப்பில் சாமான் ஏற்றிக் கொடுப்பதுதான் அவள் தொழில். பாதி வேலை கைப்பேசிச் செயலி வழியாக வரும். மீதி, தெரிந்தவர்கள் சொல்லி வரும்.

அந்த வண்டி அவளுக்காக வாங்கியதல்ல. கலியமூர்த்தி ஒரு காலத்தில் வீடு புதுப்பிக்கும் குத்தகை வேலை செய்துகொண்டிருந்தார். டைல்ஸ் ஒட்டுவது, சமையலறைக் கேபினட் போடுவது, குளியலறையை உடைத்துக் கட்டுவது. பங்சாரில் ஒரு பெரிய வீட்டு வேலை கிடைத்த சூட்டோடு ஒன்பது வருடக் கடனில் புதுப் பிக்கப் எடுத்தார். சிமெண்ட் மூட்டையும் பலகையும் நாலு வேலையாட்களும் ஏறிப் போவார்கள். கதவில் அவர் பேரைப் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தார். மூன்று வருடம் கழித்து ஏணியிலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடிபட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நடக்கப் பழகுவதற்குள் கோவிட் வந்தது. ஊரே அடைந்து கிடந்தது. குத்தகை வேலை அப்படியே போய்விட்டது. வேலையாட்கள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். கடன் மட்டும் போகவில்லை.

அப்போது சந்திரகலா ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் வேலையில் இருந்தாள். அதிலும் ஆள் குறைத்தார்கள். வாசலில் வண்டி நின்றது. முன்வீட்டுக்காரர் ஒரு நாள், "யக்கா, ஒரு பிரிட்ஜ் கொண்டு போவணும், வண்டியக் கொடுப்பீங்களா? கூலி தரேன்" என்று கேட்டார். ஓட்ட ஆள் இல்லை. அவளிடம் லைசென்ஸ் இருந்தது, ஆனால் கியர் மாற்றி ஓட்டிப் பல வருடம் ஆகியிருந்தது. பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தை போடும் திடலில் யாரும் இல்லாத நேரம் பார்த்து இரண்டு வாரம் தனியாக ஓட்டிப் பழகினாள். கலியமூர்த்தியால் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க முடியவில்லை. சரக்கு ஏற்றும் வண்டி என்பதால் காலியாக ஓடும்போது அது தூக்கித் தூக்கிப் போடும். சின்னக் குழியில் இறங்கினாலும் அவர் முதுகு தாங்காது.

ஆக, தனக்கென்று ஆசையாக வாங்கிய வண்டியில் கலியமூர்த்தி அதற்குப் பிறகு ஏறவே இல்லை. பிரிக்பீல்ட்ஸில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் ஜாகா வேலை கிடைத்தது. வாகன நிறுத்துமிடத்துக் கூண்டில் உட்கார்ந்து தடுப்பைத் தூக்கிவிடும் காவல் வேலை. கிள்ளானிலிருந்து ரயிலில் போய் ரயிலிலேயே வருவார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில், இடுப்பில் பட்டையைக் கட்டிக்கொண்டு, குழாயை இழுத்து வந்து பிக்கப்பைக் கழுவுவார். சக்கரத்துக் குழிக்குள் பழைய பல் பிரஷை விட்டுத் தேய்ப்பார். குனிய முடியாத இடத்துக்கு ஒரு சின்ன முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். கதவில் ஒட்டியிருந்த பேரை எப்போதோ உரித்தாயிற்று. அதன் அடியில் வெயில் படாமல் சாயம் மங்காதிருந்ததால் எழுத்துகளின் தடம் மட்டும் அப்படியே தெரிந்தது. அந்த இடத்தை அவர் கொஞ்சம் மெதுவாகத் துடைப்பார்.

சந்திரகலா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே சமைப்பாள்.

அவளுக்கு வேலை பிடிக்காமல் இல்லை. ஒருவர் வீட்டுச் சாமான் அத்தனையையும் தார்ப்பாய் போட்டு மூடிக் கயிறு இழுத்துக் கட்டினால், அது அசையாமல் போய்ச் சேரும். அதில் ஒரு திருப்தி இருந்தது. முதல் முறை பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "ஆன்டி, டிரைவர் எங்க?"

"நான்தான்லா டிரைவர்" என்பாள். அதையும் சொல்லிச் சொல்லிச் சலித்துவிட்டது.

சிக்கல் எங்கே என்றால், திரும்பி வருவதில். செயலியில் கூலி போகும் தூரத்துக்குத்தான். ஸ்ரீ கெம்பாங்கானில் இறக்கினால் அங்கிருந்து கிள்ளானுக்கு வேறு சாமான் கிடைப்பது அபூர்வம். பின்தொட்டி காலி. காலியாக இருந்தாலும் அந்தக் கனத்த வண்டி குடிக்கிறதைக் குடித்துக்கொண்டேதான் இருக்கும். லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர், நெரிசலில் அதுவும் இல்லை. பக்கத்து வீட்டு அமுதவள்ளி சின்னக் கார் வைத்துக்கொண்டு ஆள் ஏற்றி ஓட்டுகிறாள். அவள் காருக்கு லிட்டருக்குப் பதினேழு, பதினெட்டு. பெட்ரோலும் மானிய விலையில், அடையாள அட்டையைக் காட்டினால் இரண்டு வெள்ளிக்கும் கீழே. "எனக்கு எண்ணெய்க் கவலையே இல்லக்கா" என்று அமுதவள்ளி சும்மா சொல்லிவிட்டுப் போவாள். அது சந்திரகலாவின் காதிலேயே கிடக்கும்.

இதற்கு நடுவில் சொந்தக்காரர்கள் வேறு. கலியமூர்த்தியின் தங்கை தாமரை காப்பாரில் இருக்கிறாள். மாதத்துக்கு ஒரு தடவையாவது கூப்பிடுவாள். கோயில் திருவிழாவுக்குப் பாத்திரம், மச்சான் கடைக்கு மேசை, பழைய மெத்தையைத் தூக்கிப் போடுவது.

"அண்ணி, ஞாயித்துக்கிழம சும்மாதான நிக்குது வண்டி. ஒரு நடைதான்" என்பாள்.

ஒரு நடை மூன்று நடையாகும். கடைசியில் ஒரு பொட்டலத்தில் முறுக்கோ பிரியாணியோ கட்டிக் கொடுப்பாள். நல்ல மனசுதான். எண்ணெய் என்ற ஒன்று இருப்பது மட்டும் அவள் நினைவுக்கு வராது. மறுக்கலாம் என்றால், கலியமூர்த்தி ஏற்கெனவே சரி என்று சொல்லியிருப்பார்.

போன வருடக் கடைசியில் வண்டிக் கடன் முடிந்தது. அன்று கலியமூர்த்தி வடை வாங்கி வந்தார். "இப்பதான் கலா இது நம்ம வண்டி" என்றார். அவள் வடையை எடுத்துக்கொண்டாள். அன்றுதான் அவளுக்கு அந்த எண்ணம் முழுதாக வந்தது. இனி விற்றால் பணம் பேங்குக்குப் போகாது, கைக்கு வரும்.

சொல்ல மூன்று வாரம் ஆனது. காஜாங்கில் ஒரு கட்டிலை இறக்கிவிட்டு, மழையில் நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டு, இடது முழங்கால் கிளட்சை மிதித்து மிதித்து வீங்கி வந்த ஒரு சாயங்காலம், சோற்றைப் போட்டு வைத்துவிட்டுச் சொன்னாள்.

"வண்டிய வித்துரலாம்ங்க."

அவர் நிமிரவில்லை. "வித்துட்டு?"

"சின்னக் காடி ஒன்னு எடுக்கலாம். ஆட்டோ கியர். ஆள் ஏத்தி ஓட்டுறேன், அமுதவள்ளி மாதிரி."

"அதுல ஒரு பிரிட்ஜ் ஏத்த முடியுமா?"

"பிரிட்ஜ் ஏத்த வேணாம்னுதான் சொல்றேன்."

"இப்ப எண்ணெய் வெல ஏறியிருக்கு, நாளைக்கு எறங்கும். வண்டிய வித்தா திரும்ப வாங்க முடியாது கலா. பிக்கப் வீட்ல இருந்தா நாலு பேருக்கு உதவும்."

"அந்த நாலு பேரு எண்ணெய் போடுவாங்களா?"

அவர் சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்தார். அவளுக்கு அதற்கு மேல் பேசும் எண்ணம் இல்லை, ஆனால் வாய் நிற்கவில்லை.

"நீங்க ஞாயித்துக்கெழம கழுவுறீங்க. மீதி ஆறு நாளும் நான் ஓட்டுறேன். கழுவும்போது அது அழகாத்தாங்க இருக்கும்."

சொன்ன பிறகு அவளுக்கே கொஞ்சம் அதிகமாகப் பட்டது. அவர் சாப்பிட்டுவிட்டு எழுந்து தட்டைத் தானே கழுவி வைத்தார். அன்று அதோடு போயிற்று. இரண்டு நாள் கழித்து அவள் விற்பனைக்கு என்று இணையத்தில் வண்டியின் படங்களைப் போட்டாள். அவரிடம் சொல்லித்தான் போட்டாள். "போடு, யாரு வாங்குறான்னு பாப்போம்" என்றார்.

வாங்க வந்தவன் பெயர் செல்வகுமார். பந்திங்கில் தென்னையும் வாழையும் பயிரிட்டு இளநீரும் பழமும் விற்கிறான். முப்பத்தைந்து வயது இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மச்சானின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்து இறங்கினான். சந்திரகலா தேநீர் போட உள்ளே போனாள். வாசலில் கலியமூர்த்தி பேச ஆரம்பித்தது உள்ளே கேட்டது.

"தம்பி, இத எடுக்கிறதுக்கு முன்னாடி நல்லா யோசிச்சுக்குங்க. எண்ணெய ரொம்பக் குடிக்கும்."

"பரவால்ல அங்கிள், பிக்கப்னா அப்படித்தான்."

"கிளட்ச் தேய்ஞ்சு போச்சு. இன்னும் ஆறு மாசம் வந்தா அதிகம். அப்புறம் இங்க வாங்க." அவர் முக்காலியைப் போட்டுச் சிரமப்பட்டுக் குனிவது தெரிந்தது. "பின்தொட்டிக்குக் கீழ பாருங்க, துரு. படத்துல இது தெரியாது. ஏர்கோன் சத்தம் போடும். பின்கதவ ரெண்டு தடவ அடிச்சாத்தான் பூட்டும். ஒரு தடவ பூச்சோங்ல பின்னால இடிச்சு, தட்டி எடுத்திருக்கு. இந்த எடத்துல பெயிண்ட் வேற மாதிரி இருக்கு பாருங்க."

சந்திரகலா அடுப்பின் முன் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் என்ன செய்கிறார் என்பது அவளுக்குப் புரிந்தது. ஒரு பொய்யும் இல்லை. ஒவ்வொரு குறையையும் விரல் வைத்துக் காட்டினார், அவளுக்கே தெரியாத இரண்டையும் சேர்த்து. ஆறு வருடம் ஞாயிற்றுக்கிழமைதோறும் தேய்த்துத் தேய்த்து அவர் அந்த வண்டியை அப்படிப் படித்து வைத்திருந்தார். அவன் பயந்து போய்விட வேண்டும், அதுதான் கணக்கு. அவளுக்குக் கோபம் வரவில்லை. தேநீரில் சர்க்கரை போட்டோமா இல்லையா என்பது மறந்துபோய் மறுபடியும் போட்டாள்.

வெளியே வந்தபோது செல்வகுமார் கைகளைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தான்.

"ஆன்டி, இந்த ரெண்டு மாசத்துல எட்டு வண்டி பாத்துட்டேன்" என்றான். "எல்லாரும் சூப்பர் கண்டிஷன், ஒரு கீறல் இல்லன்னுதான் சொன்னாங்க. அங்கிள் மாதிரி அவ்வளவையும் சொன்ன ஆள நான் பாக்கல. இவ்ளோ தெரிஞ்சு வச்சிருக்காருன்னா, வண்டிய எப்படிப் பாத்திருப்பாரு! நான் எடுத்துக்கிறேன். அடுத்த ஞாயிறு வரேன்."

விலையில் பேரம்கூடப் பேசவில்லை. இரட்டைச் சர்க்கரைத் தேநீரைக் குடித்துவிட்டு முன்பணம் கொடுத்துப் போனான். கலியமூர்த்தி முக்காலியில் உட்கார்ந்தபடியே இருந்தார். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சந்திரகலாதான் போய் அடைத்தாள்.

அந்த வாரம் அவர் புதன்கிழமை வேலை முடிந்து வந்து, சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

"சனிக்கிழம ஒரு வேலை இருக்கு. நாகையா கிள்ளானுக்கு வீடு மாத்துறாரு."

நாகையாவை அவளுக்குத் தெரியும். பார்வையற்றவர். அவரும் அவர் மனைவி சீதாலெட்சுமியும் பிரிக்பீல்ட்ஸில், கலியமூர்த்தி காவல் இருக்கும் கட்டடத்துக்குப் பின் சந்தில், ஒரு மாடி அறையில் மசாஜ் கடை வைத்திருந்தார்கள். சீதாலெட்சுமிக்கு ஒரு கண்ணில் மங்கலாகத் தெரியும். கலியமூர்த்தி முதுகு பிடித்துக்கொண்ட நாட்களில் அங்கேதான் போய்ப் படுப்பார். வாடகை கூடிவிட்டதால், கிள்ளான் பண்டமாரானில் ஓர் அடுக்குமாடி வீடு பிடித்து, வீட்டிலேயே தொழிலை வைத்துக்கொள்ளலாம் என்று கிளம்புகிறார்கள்.

"லோரிக்காரன் கேட்ட கூலி கட்டுப்படியாவலயாம். நான்தான் நம்ம வண்டி இருக்குன்னு சொன்னேன்" என்றார். பிறகு, "பாரு, இந்த மாதிரி ஆளுங்களுக்கு நம்ம வண்டி இல்லாட்டி யாரு இருக்கா?" என்று சேர்த்தார்.

அவர் அதை எதற்காகச் சொல்கிறார் என்பது தெரிந்தாலும் அவள் வாதாடவில்லை. "சரி, போவலாம்" என்றாள். "நீங்களும் வாங்க. நீங்க ஒத்துக்கிட்ட வேலை."

சனிக்கிழமை அவருக்கு மதியத்தோடு வேலை முடியும். சந்திரகலா கூட்டரசு நெடுஞ்சாலையில் வந்து, பிரிக்பீல்ட்ஸில் வண்டி நிறுத்த இடம் தேடி இரண்டு சுற்றுச் சுற்றி, கடைசியில் பாதி நடைபாதையில் ஏற்றி நிறுத்தினாள். பின்னால் வந்த காடிக்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். கீழே இருந்த சாப்பாட்டுக் கடை ஆட்கள் இருவர் சாமான்களை இறக்கிக் கொடுத்தார்கள். இரண்டு மசாஜ் கட்டில், ஓர் இரும்பு அலமாரி, துணி துவைக்கும் இயந்திரம், மெத்தை, சாமிப் படங்கள், துண்டு மூட்டைகள். சந்திரகலா பின்தொட்டியில் ஏறி ஒவ்வொன்றாக அடுக்கினாள். கலியமூர்த்தி கீழே நின்று, "அலமாரிய இந்தப் பக்கம் திருப்பு" என்றார். அவள் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளாமல் தன் போக்கில் அடுக்கிக் கயிற்றைப் போட்டு இழுத்தாள்.

முன்இருக்கையில் கலியமூர்த்தி, பின்னிருக்கையில் நாகையாவும் சீதாலெட்சுமியும். சீதாலெட்சுமி மடியில் ஒரு குத்துவிளக்கைத் துணியில் சுற்றி வைத்திருந்தாள். ஆறு வருடத்தில் முதல் முறையாகக் கலியமூர்த்தி தன் வண்டியில் ஏறியிருந்தார். பாரம் இருந்ததால் வண்டி அவ்வளவு தூக்கிப் போடவில்லை. இருந்தும் அவர் கைப்பிடியைவிட்டுக் கையை எடுக்கவில்லை.

நெடுஞ்சாலை நின்றுபோயிருந்தது. எங்கோ ஒரு விபத்து. வண்டி நாலு அடி நகரும், நிற்கும். ஒவ்வொரு தடவையும் சந்திரகலாவின் இடது கால் கிளட்சை அழுத்தி விட்டது. பெட்டாலிங் ஜெயாவைத் தாண்டும் முன்பே, கால் ஓய்ந்த நேரத்தில் அவள் முழங்காலை இடது கையால் அமுக்கிவிட்டுக்கொள்ள ஆரம்பித்தாள். தான் அப்படிச் செய்வது அவளுக்கே தெரியாது. கலியமூர்த்தி அதைப் பார்த்தார். எண்ணெய் முள்ளையும் பார்த்தார்.

"எண்ணெய்க்குக் கட்டுப்படியாவுதாம்மா?" என்று பின்னாலிருந்து நாகையா கேட்டார்.

"இன்னைக்குக் கட்டுப்படியாவும் அண்ணே. எறக்கிட்டு வீடு பக்கம்தான."

பண்டமாரானில் அடுக்குமாடிக்கு வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. வீடு நாலாவது மாடி. மின்தூக்கியில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது, பழுது என்று. சாமான் தூக்க வருவதாகச் சொன்ன நாகையாவின் சித்தப்பா மகன் போனை எடுக்கவில்லை. சந்திரகலாவும் கலியமூர்த்தியும் படிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"சரி, வாங்க அண்ணே" என்றாள் சந்திரகலா நாகையாவிடம். "மொதல்ல கட்டில். நீங்க மேல் பக்கம் புடிங்க, நான் கீழ. எத்தனை படின்னு சொல்லிக்கிட்டே வரேன்."

கலியமூர்த்தி முன்னால் வந்து கட்டிலின் ஒரு முனையில் கை வைத்தார்.

"விடுங்க" என்றாள் அவள். "அப்புறம் உங்களையும் சேத்துத் தூக்கணும்."

சிரிப்பு வரும்படிதான் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. அவர் கையை எடுத்துக்கொண்டார்.

இருவரும் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போனார்கள். திருப்பத்தில் அவள் குரல் கேட்டது. "இன்னும் ரெண்டு படி... ஒன்னு... இப்ப வலப் பக்கம் திரும்புங்க." அந்தக் குரல் மேலே போகப் போகச் சிறுத்தது. பிறகு செருப்புச் சத்தம் இறங்கி வந்தது. மறுபடி இரண்டாவது கட்டில். அலமாரியைக் கதவு, தட்டு என்று கழற்றி மூன்று தடவையாகக் கொண்டு போனார்கள். துணி துவைக்கும் இயந்திரத்தைக் கீழ் வீட்டில் குடியிருந்த வங்காளதேச இளைஞர்கள் இருவர் வந்து, கேட்காமலேயே, தூக்கிக்கொண்டு போனார்கள்.

கலியமூர்த்தி வண்டியில் சாய்ந்து நின்று சாமான்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மூட்டை மேல் உட்கார்ந்திருந்த சீதாலெட்சுமி, முகத்தைப் படிக்கட்டுப் பக்கம் திருப்பிக் கேட்டாள்.

"உங்க வீட்டம்மா தினமும் இப்படித்தானா அண்ணே?"

அவர் பின்தொட்டியில் கிடந்த கயிற்றை இழுத்துச் சுருட்டினார்.

"தெரியலம்மா" என்றார்.

கடைசி மூட்டையை ஏற்றிவிட்டுச் சந்திரகலா இறங்கி வந்தபோது அவள் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பின்தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, ஒரு போத்தல் தண்ணீரை நிறுத்தாமல் குடித்தாள். நாகையா மேலிருந்து இறங்கி வந்து கூலியோடு கூடுதலாகக் கொஞ்சம் கொடுக்கப் பார்த்தார். அவள் பேசியதை மட்டும் எடுத்துக்கொண்டாள். "முதுகு வலிச்சா இங்க வந்துருங்க அண்ணே, கிட்டதான்" என்று நாகையா கலியமூர்த்தியிடம் சொன்னார். "தங்கச்சியையும் கூட்டிக்கிட்டு வாங்க. மூச்சக் கேட்டா தெரியுது, அவங்களுக்கும் உடம்பு வலிதான்."

வீட்டுக்குப் போகிற வழியில் பின்தொட்டி காலி. வண்டி தூக்கிப் போட ஆரம்பித்தது. ஒவ்வொரு குழிக்கும் அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். அவள் வேகத்தைக் குறைத்தாள்.

"தினமும் இப்படித்தானா கலா?" என்று கேட்டார்.

"இன்னைக்குப் பரவால்ல. திரும்பி வர்ற வழி கம்மி."

"எங்கிட்ட நீ சொன்னதே இல்ல."

"என்னத்த சொல்றது? வந்து படுத்தாப் போதும்னு இருக்கும்."

வீட்டுக்கு வந்ததும் அவர் தைலம் எடுத்து வந்து வைத்தார். அவள் முழங்காலில் தடவிக்கொண்டிருக்கும்போதே உட்கார்ந்த இடத்தில் தூங்கிப்போனாள்.

மறுநாள் காலையில் செல்வகுமார் வருவதற்குள் அவர் பிக்கப்பைக் கழுவி முடித்திருந்தார். எப்போதையும்விட நேரம் எடுத்துக் கழுவினார் என்று சொல்ல முடியாது. சீக்கிரமே முடித்துவிட்டார். செல்வகுமார் மீதிப் பணத்தைக் கொடுத்தான், பேர் மாற்றும் வேலைக்குத் திங்கட்கிழமை போவதென்று பேசிக்கொண்டார்கள். சாவியை வாங்கிக்கொண்டு அவன் கலியமூர்த்தியைப் பார்த்து, "அங்கிள், ரெண்டாவது கியர் கொஞ்சம் டைட்டா இருக்கே, எப்படிப் போடறீங்க?" என்று கேட்டான்.

"அவளக் கேளுங்க தம்பி" என்றார் அவர். "ஓட்டுனது அவதான்."

சந்திரகலா போய் வண்டியில் ஏறி, எப்படி என்று காட்டினாள். கிளட்சைக் கொஞ்சம் விட்டு, மறுபடி அழுத்தி, பிறகு தள்ளினால் விழும். அவன் இரண்டு தடவை செய்து பார்த்துத் தலையாட்டினான். அவள் இறங்கியதும் வண்டி புறப்பட்டு முனையில் திரும்பியது. பின்கதவு சரியாகப் பூட்டாமல் ஆடியது தெரிந்தது. கலியமூர்த்தி கையைத் தூக்கினார், ஆனால் அவன் போய்விட்டிருந்தான்.

அவர்கள் வாங்கியது பழைய வெள்ளைக் கார், சின்னது. கியர் மாற்றும் வேலை இல்லை. முதல் மாதத்திலேயே எண்ணெய்ச் செலவு பாதிக்கும் கீழே வந்தது. சந்திரகலாவின் முழங்கால் வீக்கம் வடிந்தது. அது நல்ல முடிவுதான் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை.

தாமரை விஷயம் கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே வந்தாள். காப்பி குடிப்பதற்கு முன்பே ஆரம்பித்தாள்.

"ஒரு வார்த்த சொல்லலியே அண்ணே! அடுத்த மாசம் கோயில்ல கூழ் ஊத்துறோம், அண்டாவெல்லாம் எதுல கொண்டு போறது? நம்ம குடும்பத்துக்குன்னு இருந்தது அந்த ஒரு வண்டிதான்."

கலியமூர்த்தி மனைவியைப் பார்க்கவில்லை. தங்கையைப் பார்த்தே சொன்னார். "லோரி வாடகைக்கு எடு தாமரை. எவ்வளவு ஆவுதுன்னு அப்ப தெரியும்."

தாமரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். கூழ் ஊற்றும் நாளுக்கு அவர்களைக் கூப்பிட்டாள், ஆனால் கடைசி நேரத்தில்தான் கூப்பிட்டாள். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வருவதில்லை. சந்திரகலாவுக்கு அது நிம்மதியாகவும் இருந்தது, கொஞ்சம் வெறுமையாகவும் இருந்தது. முறுக்கும் வருவதில்லை.

கார் ஓட்டுவது வேறு மாதிரி அலுப்பு. சாமான் பேசாது. ஆட்கள் பின்னால் உட்கார்ந்து போனில் சண்டை போடுவார்கள், ஏர்கோன் பத்தாது என்பார்கள், ஏன் இந்த வழி என்பார்கள். ஒரு தடவை கோலாலம்பூரில், மஸ்ஜித் இந்தியா துணிக்கடைத் தெருவில் ஒரு பெண் இரண்டு பெரிய துணி உருளைகளோடு நின்றாள். சந்திரகலா இறங்கிப் பார்த்தாள். பின்சீட்டை மடக்கினாலும் கதவு சாத்தாது. எப்படித் திருப்பினால் போகும், எங்கே கயிறு போடலாம் என்று அவள் மனம் தானாகவே கணக்குப் போட்டது. கயிறு போட இடம்தான் இல்லை. "முடியாதும்மா, பெரிய வண்டி கூப்பிடு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று முழுக்க எதையோ பாதியில் விட்டுவிட்டு வந்த மாதிரி இருந்தது.

கலியமூர்த்தி இந்தக் காரைக் கழுவுவதில்லை. "மழையிலேயே கழுவிக்கும்" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் அந்த முக்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். சில நேரம் பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார். அவளுக்கு அதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கும். ஆனால் அதற்காக ஒரு பிக்கப்புக்கு டீசல் போட முடியாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

சின்னக் காரில் ஒரு வசதி, அது அவர் முதுகைத் தூக்கிப் போடுவதில்லை. சாயங்காலம் அவள் பிரிக்பீல்ட்ஸை ஒட்டிய கே.எல். செண்ட்ரல் பக்கம் ஆளை இறக்கினால் அவருக்குப் போன் செய்வாள். அவர் ரயிலுக்குப் போகாமல் கட்டடத்து வாசலில் வந்து நிற்பார். செயலியை அணைத்துவிட்டு, இருவருமாகக் கிள்ளானுக்குத் திரும்புவார்கள். அந்த நேரத்தில் ஓடினால் இன்னும் இரண்டு ஆளாவது கிடைக்கும். அவள் அதை யோசிக்காமல் இல்லை.

போன வாரமும் அப்படித்தான் வந்தார்கள். நெடுஞ்சாலையில் சிவப்பு விளக்குகள் கண்ணுக்கெட்டிய வரை நின்றன. ஏறி உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே அவர் தலை சாய்ந்துவிட்டது. வாய் லேசாகத் திறந்திருந்தது. அவள் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தாள். யாரோ குறுக்கே புகுந்து அவள் பிரேக் போட்டபோது அவர் விழித்தார்.

"எங்க வந்திருக்கோம்?"

"பத்து தீகா."

"இன்னும் பத்து தீகாதானா?"

"ஜேம்ங்க. தூங்குங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் தூங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, கண்ணைத் திறக்காமலேயே, "கால் வலிக்குதா?" என்று கேட்டார்.

"இல்ல" என்றாள். உண்மையாகவே வலிக்கவில்லை. உடம்பு முழுக்க அசதியாக இருந்தது, அவ்வளவுதான். முன்னால் நின்ற லோரி நகர்ந்தது. அவளும் பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள், கார் மெல்ல அதன் பின்னால் போனது.